பாண்டி பஜாரில் நடக்க இடம் கிடைத்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் போகும் சர் தியாகராயா சாலையின் கடைவீதிதான் பாண்டி பஜார். 2019 நவம்பர் 13 அன்று அது நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் கீழ் 39.86 கோடி ரூபாய் செலவில் நடந்த வேலை. அங்கே போய்ப் படம் எடுத்துப் போட்டவர்கள் ஏராளம். ஆனால் இன்னொரு ஊரில் இதேபோல் ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்குப் படம் போதாது. அந்த அகலம் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் சம்மதித்தார்கள், யாருடைய சம்மதம் கேட்கப்படவில்லை, கட்டி முடித்த பிறகு எது நிலைத்தது, எது நழுவியது என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். அதிகாரிகள், கடைக்காரர்கள், சாலையோர வியாபாரிகள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பின்னணி

தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியைத் தூர்த்துத் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள். வீடுகளுக்காகப் போட்ட அந்தச் சாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகள் வந்தன. புடவை, நகை, பாத்திரம் என்று மாநிலத்தின் பெரிய சந்தைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. அரசு ஏட்டில் சௌந்தரபாண்டியன் அங்காடி. மக்கள் வாயில் பாண்டி பஜார்.

இங்கே வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். மேற்கே மாம்பலம் ரயில் நிலையம். உஸ்மான் சாலையின் தெற்கில் பேருந்து நிலையம். செங்கல்பட்டு, தாம்பரம் பக்கமிருந்து கல்யாணச் சாமான் வாங்க ரயிலேறி வரும் குடும்பம், இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை நடைதான். காரில் வருகிறவர்கள் உண்டு. வாங்கும் தொகை அதிகமாகவும் இருக்கலாம். ஆனால் வீதியை நிரப்பும் கூட்டம் காலால் வந்த கூட்டம்.

சென்னை முழுக்க எடுத்துக்கொண்டாலும் நிலைமை அதுதான். 2010-ல் வெளிவந்த விரிவான போக்குவரத்து ஆய்வின்படி நகரின் பயணங்களில் கால் பங்குக்கும் மேல் நடந்தே நடந்தன. சாலைகளுக்கான பணம் அந்தக் கணக்கில் பிரியவில்லை.

அப்போது கண்டது

பழைய பாண்டி பஜாரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிளாட்பாரம் என்று ஒன்று இருந்தது. அதில் கடை வாசல் படி ஒரு பங்கு, ஜெனரேட்டர் ஒரு பங்கு, மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் ஒரு பங்கு, ஹேர்பின், வளையல், செருப்பு விற்கும் பிளாட்பாரக் கடைகள் மிச்சம். அதற்கு அடுத்து, சாலை விளிம்பில் இரண்டு பக்கமும் கார்களும் டூவீலர்களும். நடப்பவர்கள் அந்த வண்டிகளுக்கும் வெளியே, ஓடும் போக்குவரத்துக்குள் நடந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால், பைகளோடு ஒருவர் பின்னால் என்று ஒற்றை வரிசை.

ஊரின் கோபம் முழுவதும் பிளாட்பாரக் கடைகள் மேல்தான் விழுந்தது. நீண்ட வழக்குகள், ஆணைகளுக்குப் பிறகு 2013-ல் அந்த வியாபாரிகளை அங்கேயே மாநகராட்சி கட்டிய மாடி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள் ஒரே கட்டடத்துக்குள் போயின. வீதியில் பிளாட்பாரம் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் அந்த ஒற்றை வரிசை போகவில்லை, ஏனென்றால் வண்டிகள் அப்படியே நின்றன. என் கணிப்பில் இந்த நிகழ்வின் திருப்பமே இதுதான். வியாபாரிகளை அகற்றிய பிறகும் நடக்க முடியவில்லை என்று தெரிந்ததால்தான் பேச்சு பார்க்கிங் பக்கம் திரும்ப வாய்ப்பு வந்தது.

தாளில் வந்த கொள்கை

2014-ல் சென்னை மாநகராட்சி இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இப்படி ஒரு கொள்கையை ஏற்ற முதல் இந்திய நகரம் சென்னைதான். மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும். 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை இருக்க வேண்டும். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் விபத்தில் இறப்பது அறவே நிற்க வேண்டும். இலக்குகள் பெரியவை. 2018 வந்து போனது. இலக்குகள் வந்து சேரவில்லை.

அதனால் கொள்கை வீண் என்று சொல்லிவிட முடியாது. கொள்கை இருந்ததால் ஒரு பொறியாளர் கோப்பில் நடைபாதை அகலத்தைக் கேட்டு எழுதும்போது மேற்கோள் காட்ட ஒரு தாள் இருந்தது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கூடவே, 2016 ஜனவரியில் சீர்மிகு நகரங்களின் முதல் பட்டியலில் சென்னை இடம்பெற்றது. பகுதி மேம்பாட்டுக்குத் தியாகராய நகரைத் தேர்ந்தெடுத்தார்கள். தாள் இருந்தது, இப்போது பணமும் வந்தது.

முதல் முடிவு: வண்டி நிறுத்தும் இடத்தை எடுப்பது

நடைபாதையை அகலமாக்க இரண்டு வழிதான் உண்டு. கடைகளை இடிப்பது, அல்லது தார்ச்சாலையைக் குறைப்பது. இடிப்பது நடக்காது. தார்ச்சாலையைக் குறைத்தால் நெரிசல் வரும் என்பது எல்லோரும் முதலில் சொல்வது.

இங்கே பொறியாளர்களின் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு சாலையில் எத்தனை வண்டி போகலாம் என்பதை அதன் மிகக் குறுகலான இடமும் சிக்னலும் தீர்மானிக்கின்றன. நடுவில் எவ்வளவு அகலம் இருந்தாலும் சிக்னலில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை கூடாது. நடுவில் உபரியாக இருக்கும் அகலத்தில் வண்டிகள் ஓடுவதில்லை, நிற்கின்றன. சாலைக்கு இணையாக நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு, இரண்டரை மீட்டர் போகும். சாய்வாக நிறுத்தினால் அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். சாலை முழுக்க ஒரே சீரான அகலத்துக்குத் தார் விட்டு, மிச்சத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்தால் ஓடும் போக்குவரத்துக்குப் பெரிய நட்டமில்லை. நட்டம் நிறுத்தும் வண்டிக்குத்தான்.

கடைக்காரர்கள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். அவர்களின் எதிர்ப்பு நடைபாதைக்கு இல்லை, பார்க்கிங் போவதற்குத்தான். வாசலில் கார் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார் என்பது அவர்களின் பயம். பயத்தில் ஒரு பகுதி நியாயம், ஒரு பகுதி பழக்கம். ஒரு காரை நிறுத்த ஏறக்குறைய பன்னிரண்டு சதுர மீட்டர் வேண்டும். ஒரே கார் இரண்டு மணி நேரம் நின்றால் கடை வாசலில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரே குடும்பம்தான் வந்ததாகக் கணக்கு. அது கடைக்காரரின் சொந்தக் காராகவோ, வேலை பார்ப்பவர்களின் வண்டியாகவோ இருந்தால் அந்த ஒரு குடும்பம்கூட இல்லை.

பார்க்கிங்குக்கு மாற்றும் யோசித்தார்கள். தணிகாசலம் சாலையில் 222 கார்களும் 513 டூவீலர்களும் நிறுத்தும் பல அடுக்கு வாகன நிறுத்தம் திட்டத்தில் சேர்ந்தது. கடைக்காரர்களுடனான பேச்சில் கையில் காட்ட ஏதாவது வேண்டுமே, அதற்கு அது உதவியது. ஆனால் அது 2021-ல்தான் திறந்தது, அதாவது நடைபாதை வளாகம் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. இந்த இடைவெளியைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது முடிவு: கட்டும் முன் செய்து பார்ப்பது

2016-லும், அப்புறம் 2018-லும் நடைபாதை வளாகத்தைச் சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். சாலையில் தடுப்புகளை வைத்து, வண்டிகளைத் திருப்பிவிட்டு, நடுவில் கிடைத்த இடத்தில் மக்களை விட்டார்கள். உட்கார இடம் போட்டார்கள். குழந்தைகள் சாலையில் விளையாடினார்கள். சில கடைக்காரர்கள் வியாபாரம் குறைந்தது என்றார்கள், சிலர் கூட்டம் கூடியது என்றார்கள்.

வரைபடத்தைக் காட்டிப் பேசும் கூட்டத்தில் பத்துப் பேர் பேசுவார்கள். அந்தப் பத்துப் பேரும் ஆண்களாகவும் கடைக்குச் சொந்தக்காரர்களாகவும் இருப்பார்கள். தெருவில் செய்து காட்டினால் கூட்டத்துக்கு வராதவர்களும் அபிப்பிராயம் சொல்கிறார்கள், வாயால் இல்லாவிட்டாலும் உட்கார்ந்து காட்டுகிறார்கள். எந்தத் திருப்பத்தில் போக்குவரத்து அடைக்கிறது, எந்தத் தெருவுக்குள் வண்டிகள் நுழைந்து குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்கின்றன என்பதைப் போக்குவரத்துக் காவலர்களும் நேரில் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் தடுப்புகளை எடுத்துவிடலாம் என்பதே எதிர்ப்பைப் பாதி குறைத்துவிடும். இந்த நிகழ்வில் வேறு ஊர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி இதுதான். செலவும் குறைவு.

வண்டிகளை முழுக்க நிறுத்துவதா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் கிடைத்தது. ஜி.என். செட்டி சாலையும் வெங்கடநாராயணா சாலையும் ஏற்கெனவே திணறுகின்றன. இந்தச் சாலையின் சுமையையும் எல்லா நாளும் தாங்காது. ஆகவே கட்டி முடித்த வளாகத்தில் வண்டிகள் தொடர்ந்து போகின்றன. அகலமான நடைபாதைகள் கொண்ட சாலை என்பதுதான் அதற்குச் சரியான விவரிப்பு. சில ஆர்வலர்களுக்கு இதில் ஏமாற்றம். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது.

கட்டியது

பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரையிலான பகுதியில் நடைபாதை சில இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் விரிந்தது. கடைப் பகுதிகளில் முகப்புக்கு முன் மூன்றரை முதல் நாலரை மீட்டர் இருந்தால் போதும் என்கிறது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டி. அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெஞ்சுகள், விளக்குகள், குழந்தைகள் ஏறி விளையாடப் பொருள்கள், கண்காணிப்புக் கேமராக்கள். விளிம்பில் டூவீலர் ஏறாமலிருக்கக் குட்டைத் தூண்கள்.

அந்தத் தூண்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு மீட்டர் வேண்டும். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் முக்கால் மீட்டர் இருக்கும். ஆக, நாற்காலிக்கு இடம் விட்டால் ஸ்கூட்டரும் நுழையும். ஸ்கூட்டரை அடைத்தால் நாற்காலி வெளியே நிற்கும். தூணை எப்படி வரைந்தாலும் இந்தச் சிக்கல் போகாது. கடைகளின் அடித்தளப் பார்க்கிங்குக்குப் போகும் சாய்தளம் நடைபாதையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் இன்னும் மோசம். கார் நுழைய வழி விட்டே ஆக வேண்டும், அதே வழியாக ஏறி நடைபாதை மேலேயே நாலு கடை தள்ளி வண்டியை விடுவது கஷ்டமான காரியமா என்ன? வரைபடத்தில் முடியாததை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம் கட்டுமான மதிப்பீட்டில் வராது.

பிறகு நடந்தது

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27-லேயே முடிந்துவிட்டது. புது நடைபாதை முதலில் சந்தித்த பெரிய கூட்டம் பொங்கல் கூட்டம். இரண்டு மாதத்தில் ஊரடங்கு. கடைவீதிகள் மூடிக் கிடந்தன. ஆரம்ப மாதங்களில் புதுப் பழக்கம் படிந்திருக்க வேண்டும். அந்த மாதங்கள் கைவிட்டுப் போயின.

கடைகள் திறந்த பிறகு மக்கள் திரும்பினார்கள். சாயங்காலங்களில் எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள், ஐஸ்கிரீமோடு சுற்றும் கல்லூரிப் பிள்ளைகள், குழந்தையை இறக்கிவிட்டு ஓடவிடும் அம்மாக்கள் எல்லோரையும் அங்கே பார்க்கலாம். தி.நகரில் குழந்தையின் கையை விடுவது என்பது அதற்கு முன் யோசிக்கவே முடியாத காரியம். திட்டத்தின் வெற்றி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நழுவியதும் உண்டு. தூண்கள் சில சாய்ந்தன, சில உடைந்தன, உடனுக்குடன் மாற்றவில்லை. அந்த இடைவெளிகள் வழியாக டூவீலர்கள் ஏறின. தணிகாசலம் சாலையின் அடுக்கு நிறுத்தம் திறந்தபோது எதிர்பார்த்த வண்டிகள் அங்கே போகவில்லை. அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். கடை வாசலிலேயே நிறுத்த முடிகிறபோது யார் சுற்றிக்கொண்டு போய் மாடியில் நிறுத்துவார்கள்? மாற்று இடம் முதலில் திறந்து, வீதியில் நிறுத்துவதை அதே நாளில் கண்டிப்பாகத் தடுத்திருந்தால் பழக்கம் மாறியிருக்கும். இங்கே வரிசை தலைகீழாக நடந்தது.

2021 நவம்பர் மழையில் தி.நகர் மூழ்கியதும் பேச்சு வேறு பக்கம் போனது. சீர்மிகு நகரத் திட்டப் பணிகள் மேல் புகார் எழுந்து, அரசு விசாரணைக்கும் உத்தரவிட்டது. வெள்ளத்தின் காரணங்கள் மாம்பலம் கால்வாயிலும் வடிகால்களிலும் கிடக்கின்றன. இந்த ஆய்வின் எல்லைக்குள் அவை வரா. ஆனால் ஒரு விளைவை மட்டும் சொல்ல வேண்டும். அதன்பின் நடைபாதைக்குப் பணம் கேட்ட எந்தக் கோப்பும் முதலில் மழைநீரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது நல்லதுதான்.

வியாபாரிகள்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதி.

2013-ல் மாடிக்குப் போன வியாபாரிகளில் பலருக்கு அங்கே வியாபாரம் ஆகவில்லை. ஆகாததில் வியப்பில்லை. புடவை வாங்க மாடி ஏறுவார்கள். ஹேர்பின் வாங்க ஏற மாட்டார்கள். ஹேர்பின் கண்ணில் பட்டால் வாங்குகிற பொருள். போகிற வழியில் இருந்தால்தான் விற்கும். ஆகவே சிலர் மறுபடி வீதிக்கு வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். அகலமான நடைபாதை கட்டியதும் அவர்களுக்கு இன்னும் நல்ல இடம் கிடைத்தது. இப்போது அவ்வப்போது அகற்றுவதும் அவர்கள் திரும்புவதுமாக ஓடுகிறது.

2014-ல் சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்தது. அதன்படி நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நடைபாதை வளாகத்தை வரைந்த காலத்தில் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. பத்து மீட்டர் அகலத்தில் நாலு மீட்டரை நடக்க மட்டும் என்று ஒதுக்கி, விளிம்பில் மரங்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் ஆழத்தில் எண் போட்ட இடங்களைக் கொடுத்திருந்தால் நடையும் தடைப்பட்டிருக்காது. அப்படிச் செய்யவில்லை. வியாபாரிகள் விஷயம் 2013-லேயே தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு வரைந்தார்கள்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குப் பெரிய கடைகள் ஷட்டர் இறக்கினால், பேருந்துக்கு நடக்கும் பெண்ணுக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தருவது பூக்கடையும் பழவண்டியும்தான். அதைக் கேமரா தராது.

வளாகத்துக்கு வெளியே

வளாகத்தின் இன்னொரு குறை அது முடியும் இடம். பத்து மீட்டர் நடைபாதையில் சுகமாக வந்தவர், பனகல் பூங்காவைக் கடந்து உஸ்மான் சாலைக்குப் போனால் மறுபடி பழைய ஒற்றை வரிசைதான். அங்கே இரண்டாம் கட்ட மெட்ரோவின் சுரங்க நிலையத்துக்கான வேலையும் நடப்பதால் கடப்பதே பெரும்பாடு. வந்தவர்கள் பெரும்பாலும் மாம்பலம் நிலையத்திலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்தால், முதலில் சரிசெய்திருக்க வேண்டிய வழி அதுதான்.

அதற்குக் கிடைத்த விடை ஆகாய நடைபாதை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்தில், 28.45 கோடி ரூபாயில் கட்டி 2023 மே மாதம் திறந்தார்கள். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் மாட்டாமல் ரயிலிலிருந்து பேருந்துக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி; லிஃப்டும் உண்டு. ஆனால் அது ரயிலுக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு பாலம், அவ்வளவுதான். கடைக்கு வந்தவர் கீழே இறங்கத்தான் வேண்டும். தரையில் பார்க்கிங்கைத் தொடாமல் நடப்பவர்களை மேலே ஏற்றுவது எளிதான முடிவு, பாண்டி பஜாரில் எடுத்தது கடினமான முடிவு. இரண்டும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

வரிசையை மாற்ற வேண்டும். அடுக்கு நிறுத்தம் முதலில், அல்லது நடைபாதை திறக்கும் அதே நாளில். வீதியில் நிறுத்த வாங்கும் கட்டணம் அடுக்கு நிறுத்தத்தின் கட்டணத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாடி காலியாகவே கிடக்கும். அந்தக் கட்டணம் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல் இதே வீதியின் தூண்களுக்கும் காவலாட்களுக்கும் வர வழி செய்தால், அபராதம் போடும் ஆளுக்கு யாரிடமும் சம்பளம் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

ஒப்பந்தத்தில் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும். உடைந்த தூணை எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒப்பந்ததாரரைக் கேட்கலாம்.

வியாபாரிகளுக்கான இடங்களை முதல் வரைபடத்திலேயே, விற்பனைக் குழுவை உட்கார வைத்துக்கொண்டு குறிக்க வேண்டும். சோதனை நாட்களில் அவர்களையும் சேர்த்து நடத்திப் பார்த்தால் எவ்வளவு பேரைத் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் எண்ணி வைக்க வேண்டும். நடப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள், முதியவர்கள் எத்தனை, எங்கே கடக்கிறார்கள், எத்தனை வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது. இது கையில் இருந்தால் வியாபாரம் குறைந்தது, கூடியது என்ற வாதத்தில் இரு பக்கமும் பேச ஒரு பொதுக் கணக்கு இருக்கும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று சொல்லி, மாநிலங்கள் வழிகாட்டு நெறிகளை வகுக்க உத்தரவிட்டது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். உத்தரவு வந்த பிறகு பல ஊர்களில் இதேபோன்ற வரைபடங்கள் தயாராகும். தி.நகருக்கும் அடுத்த வேலை காத்திருக்கிறது. பனகல் பூங்கா மெட்ரோ நிலையத்தின் வாயில்கள் திறக்கும்போது, அங்கிருந்து வளாகம் வரைக்கும் உஸ்மான் சாலை வரைக்கும் படி ஏறி இறங்காமல் போக வழி வேண்டும். அதற்கான அகலம் மறுபடி வண்டி நிறுத்தும் இடத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பேச்சைக் கடைக்காரர்களுடனும் வியாபாரிகளுடனும் இப்போதே தொடங்கலாம்.